வாசலைப் பார்த்த படம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மூக்குக் கண்ணாடி விற்கிற கடை ஒன்றில் பெலிசியா வேலைக்குச் சேர்ந்தபோது அவள் பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்கியது. இப்போது தோளோடு நிற்கிறது, அதிலும் பாதி நரை. ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்பவர்களிடம் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள். நாமும் கேட்க வேண்டாம். அம்மா சவரிமேரி படுத்த படுக்கையானது, அப்பா சந்தியாகுவுக்கு முழங்கால் மடங்காமல் போனது, தம்பி ஆண்ட்ரூவை ஆளாக்க வேண்டியிருந்தது என்று ஒன்று மாற்றி ஒன்று வந்ததில் வயது ஓடிவிட்டது, அவ்வளவுதான்.

கடையில் அவளுக்கு நாள் முழுக்க முகங்களோடுதான் பிழைப்பு. எந்த மூக்கில் எந்த ஃப்ரேம் உட்காரும், எந்தக் காதுக்குக் கம்பியை எவ்வளவு வளைக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து, மனிதர்களை அவள் முகமாகத்தான் ஞாபகம் வைத்திருந்தாள். முதல் தடவையாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கூட வந்த ஆளைத் திரும்பிப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை அவளுக்கு அலுக்கவே அலுக்காது. ஒரு நாள் ஒரு பெரியவர் தன் மனைவியைப் பார்த்து, "என்னாடி இப்டி எளைச்சிட்ட" என்று கேட்டதை வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். இதையெல்லாம் படம் பிடித்து வைக்க வேண்டும் என்ற ஆசை அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. கடை முதலாளியின் மகள் சிந்துஜா மேல்படிப்புக்கு வெளிநாடு கிளம்பும்போது தன் கேமராவை இவள் கையில் திணித்து, "தூசி படிஞ்சி கெடக்கறதுக்கு நீங்களாவது எடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாற்பதைத் தாண்டிய பெண் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு நடந்தால் அவள் குடியிருக்கிற கடலூர் முதுநகர் சும்மா விடுமா? மாதா கோயிலுக்குப் பின்னால் அவர்கள் வீடு இருந்த சந்தில் அவளுக்கு 'ஸ்டூடியோ' என்று பேர் வைத்தார்கள். பக்கத்து வீட்டுக் கொளஞ்சி மட்டும் கேலி பேசாமல் தினம் ஒரு புடவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். எடுத்த படத்தைப் பார்த்து, "நான் இவ்ளோ கறுப்பாவா இருக்கேன்?" என்று சண்டையும் போட்டாள். பெலிசியா இதற்கெல்லாம் அசரவில்லை. ஃபேஸ்புக்கில் 'கெடிலம் கேமரா நண்பர்கள்' என்று ஒரு குழு இருந்தது. அதில் சேர்ந்து, எடுத்த முகங்களை ஒவ்வொன்றாகப் போட்டு, "புதுசா கத்துக்கறேன், குறை இருந்தா சொல்லுங்க" என்று எழுதினாள்.

யார் சொன்னார்கள்? "சூப்பர்", "வேற லெவல்", ஒரு கட்டைவிரல், ஒரு பூங்கொத்து. சூப்பர் என்று போடுவதற்கு யாருக்கு என்ன கஷ்டம்? அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஒரே ஒருவன்தான் படத்தை நிஜமாகவே பார்த்தான். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கிள்ளையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற அஃப்சல். வேலை ஓய்ந்தால் பிச்சாவரம் பக்கம் போய்ப் பறவைகளை எடுப்பவன். "அக்கா, ஃபோகஸ் காதுல இருக்கு. கண்ணுல இருக்கணும்" என்று முதல் படத்துக்கே போட்டான். அடுத்ததற்கு, "வெளிச்சம் மேலேருந்து விழுது, கண்ணு ரெண்டும் குழியா தெரியுது. வாசலப் பாத்தாப்ல ஒக்கார வச்சி எடுங்க" என்றான். முகம் தெரியாத ஒருவன் தன் படத்துக்காக இவ்வளவு மெனக்கெடுகிறானே என்று பெலிசியா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

அப்பாவைத்தான் அவள் அதிகம் எடுத்தாள். கால் மடங்காத மனிதர், எங்கே ஓடிவிட முடியும்? அந்தப் படங்களுக்கு அஃப்சல் எழுதியது இது: "எல்லாம் சரியா வந்திருக்கு. ஆனா கண்ணுல உயிர் இல்ல. கேமராவப் பாத்தா எல்லாருமே ரேஷன் கார்டு மூஞ்சிதான் வைப்பாங்க. பெரியவருக்குப் புடிச்ச ஆள யாரையாவது பாக்கச் சொல்லுங்க."

அதை அவள் அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள். சந்தியாகு துறைமுகத்தில் படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர். அந்த இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே வாய் கரடாகிவிட்டது.

"புடிச்ச ஆளா? ஒங்கம்மா கல்லறையில கெடக்கா. நீ அந்த டப்பாவுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிற. வேற யாரப் பாக்கச் சொல்றான் அந்தப் பையன்?"

மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறான் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

பெலிசியா பிறந்து பத்து வருஷம் கழித்து, இனி இல்லை என்று விட்டுவிட்ட பிறகு பிறந்தவன் ஆண்ட்ரூ. அதனால் சந்தியாகு அவனுக்கு வைத்த செல்லப் பேர் 'லேட்டு'. பேருக்கேற்ற பிள்ளையாகத்தான் வளர்ந்தான். பள்ளிக்கூட மணி அடித்த பிறகு குளிக்கப் போவான். பூசையில் பிரசங்கம் முடிகிற சமயத்துக்கு உள்ளே நுழைவான். "வாங்க லேட்டு, ஒங்களுக்காகத்தான் சாமியார் காத்துனு கெடந்தாரு" என்பார் சந்தியாகு. அப்போதெல்லாம் அந்தப் பேரில் கொஞ்சல்தான் இருந்தது. வளர்ந்து, குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டி, சிதம்பரத்தில் பெண் எடுத்து, அங்கேயே குடியும் போனான்.

சவரிமேரி செத்த அன்றைக்கு அவன் காடாம்புலியூரில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு வேதாரண்யம் பக்கம் போயிருந்தான். சேதி கேட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் குழியை மூடிவிட்டார்கள். கொஞ்சம் காத்திருக்கலாம் என்று பெலிசியா சொல்லத்தான் செய்தாள். சந்தியாகுதான் துக்கத்தில் நிதானம் இழந்து, "எடுங்க, எடுங்க" என்று அவசரப்படுத்தினார். அந்தக் குற்றம் உள்ளே குத்தியதோ என்னவோ, கல்லறை வாசலுக்கு மூச்சிரைக்க ஓடிவந்த பிள்ளையைப் பார்த்ததும் ஊரே கேட்கும்படி கத்தினார்: "பெத்தவ மூஞ்சியப் பாக்கறதுக்குக்கூட லேட்டு. என் சாவுக்கும் நீ லேட்டாத்தான் வருவ. அதுக்கு வராமலே இருந்துடு." ஆண்ட்ரூ அப்படியே திரும்பி நடந்தான்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் என்ன பெரிய தூரம்? பஸ்ஸில் ஏறி ஒரு தூக்கம் போட்டால் வந்துவிடும். ஆனாலும் வருஷங்கள் ஓடின. ஆண்ட்ரூ அக்காவுக்குப் போன் செய்வான், "பெருசு எப்படி இருக்கு?" என்று கேட்பான், வர மாட்டான். சந்தியாகு அவனைப் பற்றிக் கேட்கவே மாட்டார். சாயங்காலம் டிவியில் செய்தி பார்த்துவிட்டு, "சிதம்பரம் பக்கம் நல்ல மழையாமே" என்பார். "பி.முட்லூர்ல லாரி கவுந்துடுச்சாமே" என்பார். "அவன் நல்லாத்தாம்பா இருக்கான்" என்பாள் பெலிசியா. அவர் காதில் விழாதவர்போல ரிமோட்டைத் தேடுவார். இந்த இரண்டு பேரும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முகத்துக்கு முகம் பார்த்துவிட்டால் போதும் என்பதுதான் அவள் சேசுவிடம் வைத்திருந்த ஒரே விண்ணப்பம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குக் கிளம்புகிற அவசரத்தில், அப்பாவின் படம் ஒன்றைக் குழுவில் போட்டாள். கறுப்பு வெள்ளையாக மாற்றினால் முகத்துச் சுருக்கங்கள் அழகாகத் தெரியும் என்று எங்கோ படித்திருந்தாள். மாற்றினாள், தெரிந்தது. "எங்க அப்பா சந்தியாகு. பார்த்துட்டு உங்க கருத்தைச் சொல்லுங்க" என்று கீழே எழுதிவிட்டு, போனை அணைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு பூசைக்குப் போய்விட்டாள்.

அடப் பைத்தியக்காரி. நம் ஊரில் தனி முகம், கறுப்பு வெள்ளை, கூடவே பேர் என்றால் என்ன அர்த்தம்? கரண்ட் கம்பத்துக்குக் கம்பம் 'கண்ணீர் அஞ்சலி' என்று கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்களே, அந்த அர்த்தம்தான். கீழே எழுதியிருப்பதை எவன் படிக்கிறான்? முதல் ஆள் "ஆழ்ந்த இரங்கல்" என்று போட்டான். இரண்டாவது ஆள் முதல் ஆளைப் பார்த்துப் போட்டான். அப்புறம் கேட்கவே வேண்டாம், கூப்பிய கைகளும் அழுகிற பொம்மைகளுமாக நிறைந்துவிட்டது. ஃபிளெக்ஸ் கடைக்காரர் ஒருவர், "அளவு சொல்லுங்கக்கா, மத்தியானத்துக்குள்ள அடிச்சிடலாம்" என்று போட்டிருந்தார். அஃப்சல் ஒருவன்தான் எழுதியதைப் படித்தான். "அக்கா, கலருக்கு மாத்துங்க, எல்லாரும் தப்பா நெனச்சினு இருக்காங்க" என்று அவன் போட்டது கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டது. பெலிசியாவோடு பாடற்குழுவில் பாடிய பிரிசில்லா இப்போது சிதம்பரத்தில் இருக்கிறாள். அவள் அந்தப் படத்தை அப்படியே ஆண்ட்ரூவுக்கு அனுப்பி, "அப்பா போயிட்டாராமே தம்பி" என்று எழுதினாள். அவன் பதறிப்போய் அக்காவைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். அவள் போன் அணைந்தே கிடந்தது.

இதெல்லாம் தெரியாமல் பெலிசியா பூசை முடிந்து வந்து, மீன் குழம்பு வைத்து இறக்கிவிட்டு, கேமராவை எடுத்தாள். அப்பாவை பிளாஸ்டிக் நாற்காலியோடு வாசலைப் பார்த்தாற்போல் திருப்பி உட்காரவைத்தாள். இவள் தெருவுக்கு முதுகைக் காட்டி வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"சீக்கிரம் எடுடி, பசிக்குது."

"கொஞ்சம் சிரிப்பா."

"பல்லு எங்க இருக்கு சிரிக்கறதுக்கு?"

தெருவில் ஏதோ வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. பெலிசியா கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதற்குள்ளே அப்பாவின் முகம் மாறிக்கொண்டிருந்தது. ரேஷன் கார்டு முகம் போன இடம் தெரியவில்லை. வாய் லேசாகத் திறந்து, புருவம் ஏறி, கண் இரண்டிலும் வாசல் வெளிச்சம் வந்து நின்றது. அவர் யாரையும் அப்படிப் பார்த்து அவள் கண்டதில்லை, அம்மாவைக்கூட. உயிர் வந்துடுச்சி, உயிர் வந்துடுச்சி என்று மனசு துள்ளப் பட்டனை அழுத்தினாள். அதற்கப்புறம்தான் அவர் தன்னைப் பார்க்கவில்லை என்பது உறைத்தது. திரும்பினாள்.

ஆண்ட்ரூ நின்றுகொண்டிருந்தான். கையில் ரோஜா மாலை. முகம் அழுது வீங்கியிருந்தது. சட்டைப் பொத்தான்களை ஒன்று மாற்றி ஒன்றில் போட்டிருந்தான்.

யாராவது ஒருவர் ஒரு நல்ல வார்த்தை பேசியிருக்கலாம். "வாடா" என்றால் போதும். சந்தியாகுவின் உதடு அசைவதைப் பெலிசியா பார்த்தாள்; அந்தச் சொல்தான் வரப்போகிறது என்று நம்பினாள். அதற்குள் அவர் கண் மாலையில் போய் விழுந்தது.

"மாலையோட வந்திருக்கியா? நான் செத்தாத்தான் இந்த வாசப்படிக்கு வருவ, இல்ல?"

"செத்தாலும் வராதன்னு சொன்னது நீதான். வந்துட்டேன் பாரு. இந்த தடவ லேட்டு இல்ல, முன்னாடியே வந்துட்டேன்."

சிரிக்க வேண்டிய இடம்தான் அது. அப்பனும் பிள்ளையும் அங்கே சிரித்திருந்தால் எல்லாம் கரைந்துபோயிருக்கும். பாழாய்ப்போன ரோஷம் விடவில்லை. சந்தியாகு கழுத்தை முன்னால் நீட்டினார்.

"வாங்கினு வந்தத வீணாக்காத. போட்டுட்டுப் போ."

ஆண்ட்ரூ மாலையைக் கொண்டுபோய் வாசல் கேட்டில் மாட்டினான். பிறகு அக்கா பக்கம் திரும்பினான். "நீயுமாக்கா? வாடான்னு ஒரு போன் பண்ணியிருந்தா நான் வந்திருக்க மாட்டனா? பெத்த அப்பன் செத்துட்டாருன்னு ஊருக்கெல்லாம் படம் போட்டுத்தான் என்ன வரவைக்கணுமா? வழியெல்லாம் எப்படி அழுதுனு வந்தேன்னு தெரியுமா ஒனக்கு?"

"என்னா படம்? என்னாடா சொல்ற?"

அவன் நிற்கவில்லை. குட்டியானை சந்து முனை திரும்புகிற வரைக்கும் அவள் பின்னாலேயே ஓடினாள். திரும்பி வந்தபோது சந்தியாகு அதே நாற்காலியில் அப்படியே இருந்தார்.

"சாப்டானான்னு கேட்டியா?" என்றார்.

போனைத் திறந்த பிறகுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. படத்தை அழித்தாள், தலையில் அடித்துக்கொண்டாள், தம்பிக்கு அழுதுகொண்டே பேசிப் பதிந்து அனுப்பினாள். எதுவும் போய்ச் சேரவில்லை. அவன் அவள் நம்பரை பிளாக் செய்திருந்தான். சாயங்காலம், வாசலில் எடுத்த படத்தை அப்பாவுக்குக் கேமராவிலேயே காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"அழிச்சிடு."

"நல்லாருக்குப்பா."

"அழிச்சிடுடி. இந்த மூஞ்சியக் காட்டித்தான் அவன நான் வரவைக்கணுமா?"

அழித்துவிட்டதாகச் சொன்னாள். அழிக்கவில்லை. பிரிசில்லா மூலமாகத் தம்பிக்கு அனுப்பிவிடலாம் என்று எத்தனையோ தடவை கை போனது. அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆவது என்று ஒரு பயம். இதுவும் உன் நாடகம்தானா என்று அவன் கேட்டுவிட்டால் என்று இன்னொரு பயம். கிறிஸ்துமஸ் வரட்டும் என்றாள், பிறகு ஈஸ்டர் பாஸ்கு முடியட்டும் என்றாள். அப்பா பேச்சைத் தட்டிப் பழகாதவள், என்ன செய்வாள்? குழுவிலும் அவள் படம் போடுவதை விட்டுவிட்டாள். "புதுசா எதுவும் எடுக்கலியாக்கா?" என்று அஃப்சல் கேட்டதற்கு இல்லை என்று பொய் சொன்னாள்.

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை. காப்பி டம்ளரைக் கையில் வாங்கிய சந்தியாகு, "சிதம்பரம் பக்கம் மழை ஜாஸ்தியாமே" என்றார். அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். பெலிசியா அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் டம்ளர் தரையில் உருண்டு கிடந்தது.

கோயிலில் துக்க மணி அடித்தார்கள். அந்த ஃபிளெக்ஸ் கடைக்காரர் பழைய படத்தைப் பத்திரமாக வைத்திருந்தார்; அதே கறுப்பு வெள்ளை முகம் இவளைக் கேட்காமலே குழுவெல்லாம் ஏறிவிட்டது. பெலிசியா கொளஞ்சியின் போனை வாங்கித் தம்பியைக் கூப்பிட்டாள்.

"நான்தான்டா. அப்பா போயிட்டாருடா."

வண்டி இரைச்சலுக்கு நடுவே ஆண்ட்ரூ பேசினான். "படத்தப் பாத்தேன். அதே படம். ஒரு தடவ மாலையோட வந்து நின்னது போதும்க்கா" என்று வைத்துவிட்டான். மறுபடி போட்டபோது போனையே அணைத்திருந்தான். அந்தப் படத்துக்குக் கீழே யாரோ ஒரு புண்ணியவான், "இது பழைய படம், பெரியவர் நல்லாத்தான் இருக்காரு, வதந்தி பரப்பாதீங்க" என்று வேறு எழுதியிருந்தான்.

சிதம்பரம் பக்கத்தில் உதவிக்கு யாரைக் கேட்பது? பிரிசில்லா ஊரில் இல்லை. நேரில் பார்த்தேயிராத அஃப்சலைத்தான் கூப்பிட்டாள். அவன் கடையைப் பூட்டிவிட்டு, கொட்டுகிற மழையில் சிதம்பரத்துக்கு வண்டியை விட்டான். குட்டியானைகள் நிற்கிற இடத்தில் விசாரித்தபோது, ஆண்ட்ரூ சீர்காழிக்கு லோடு ஏற்றிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அஃப்சல் அங்கேயே நனைந்தபடி நின்றான்.

இங்கே கல்லறைத் தோட்டத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. "குழி சரிஞ்சிடும்மா, இதுக்கு மேல வச்சினு இருக்க முடியாது" என்றார்கள். பெலிசியா ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக் கெஞ்சினாள். தம்பி வந்துவிடுவான், இந்த ஒரு தடவை காத்திருங்கள் என்றாள். எல்லோரும் நல்லவர்கள்தான், காத்திருந்தும் பார்த்தார்கள். மழை காத்திருக்கவில்லை. இருட்டுவதற்குள் அடக்கம் செய்தார்கள்.

வெறும் வண்டியோடு திரும்பி வந்த ஆண்ட்ரூவை அஃப்சல் மறித்தான். "அண்ணே, நான் அந்த அக்காவ நேர்ல பாத்ததுகூட இல்ல. ஆனா அவுங்க அழுத குரலக் கேட்டேன். பொய் இல்லண்ணே, கெளம்புங்க" என்றான். ஆண்ட்ரூ நேராகக் கல்லறைக்குத்தான் போயிருக்கிறான். ஈர மண்ணின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, வீட்டுப் பக்கம் வராமலே போய்விட்டான் என்று குழி வெட்டியவர் மறுநாள் வந்து சொன்னார். பெலிசியா அன்றைக்கெல்லாம் வாசலைப் பார்த்தபடியே இருந்தாள்.

முப்பதாம் நாள் பூசைக்கு அவன் வந்தான். பூசை தொடங்குவதற்கு முன்னாலேயே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். முடிந்ததும் அக்காவுக்குப் பின்னாலேயே நடந்து வீட்டு வாசல் வரைக்கும் வந்து, அங்கேயே நின்றுவிட்டான். வாசலுக்கு எதிர்ச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், மாலை போட்ட அப்பாவின் படம். கறுப்பு வெள்ளைப் படம் வேண்டவே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்று, இந்தக் கலர் படத்தைத்தான் பெலிசியா பெரிதாக்கி மாட்டியிருந்தாள்.

"உள்ள வாடா" என்றாள். அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன பேசுவதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில், "எப்படி வந்திருக்கு? குறை இருந்தா சொல்லு" என்றாள்.

"கண்ணு..." என்றான். "யாரக்கா பாக்குறாரு?"

"ஒன்னத்தான்டா. அன்னிக்கு நீ மாலையோட இதே எடத்துல நின்ன. அவரு வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி எடுத்தது."

ஆண்ட்ரூ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். அப்பாவும் பிள்ளையும் வெகுநேரம் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள்.

"படத்துல ஒரு குறையும் இல்லக்கா" என்றான் கடைசியில். "லேட்டா காட்டிட்ட. அவ்ளோதான்."